குப்பைப் பட்டியலில் பெயர் இருக்கு, ரிப்பேர் பட்டியலில் இல்லை: பரணில் கிடக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரை மீட்க முடியுமா?

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022-ன் முதல் அட்டவணையைப் புரட்டினால், டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வரிசையில் 'ஆடியோ ஆம்ப்ளிஃபயர்' என்று தனியாகவே பெயர் போட்டிருக்கும். அதாவது, வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஆயுள் முடிந்து வெளியே போகும்போது அதற்கு யார் பொறுப்பு, எங்கே போக வேண்டும் என்றெல்லாம் அரசு யோசித்து வைத்திருக்கு. சரி, அதே ஆம்ப்ளிஃபயரைப் பழுது பார்த்து இன்னும் 20 வருஷம் ஓட்டணும்னா? அதற்கான பட்டியலில் அதன் பெயர் ஏறவில்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அமைத்த குழு, 'ரிப்பேரபிலிட்டி இண்டெக்ஸ்' எனப்படும் பழுதுபார்ப்புக் குறியீடு பற்றிய அறிக்கையை 2025 மே மாதம் கொடுத்தது. ஒரு பொருளை வாங்கும்போதே, அது கெட்டுப்போனால் சரி செய்வது எவ்வளவு சுலபம் என்பதை மதிப்பெண்ணாகப் பெட்டியின் மேல் போட வேண்டும் என்பதுதான் யோசனை. முதல் கட்டத்தில் ஸ்மார்ட்போனும் டேப்லெட்டும் மட்டும். நியாயம்தான், கோடிக்கணக்கான பேர் கையில் இருப்பது அதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. அந்தக் குழு மதிப்பெண் போடச் சொல்லும் அளவுகோல்களை ஒரு தடவை பாருங்க: சுலபமாகப் பிரிக்க முடிகிறதா, ரிப்பேர் தகவல் கிடைக்கிறதா, உதிரி பாகம் நியாயமான நேரத்தில், நியாயமான விலையில் வருகிறதா, விசேஷக் கருவி வேணுமா, மென்பொருள் அப்டேட் எத்தனை காலம். இந்தத் தேர்வை 1970-களில் செய்த ஒரு வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வைத்தால், இன்று ஷோரூமில் இருக்கும் பல கருவிகளைவிட அது அதிக மார்க் வாங்கும். ஒரே ஒரு பாடத்தில்தான் ஃபெயில் ஆகும். அது எந்தப் பாடம், அதில் ஃபெயில் ஆவதற்கு யார் காரணம் என்பதுதான் இன்றைக்குப் பழைய ஆடியோ செட்டுகளைத் தூசி தட்டுகிறவர்கள் முன்னால் நிற்கும் கேள்வி.

45 வருஷமா எப்படித் தாங்குது?

1970-களில் ஸ்டீரியோ சந்தையில் ஒரு வாட் போட்டி நடந்தது. 1974-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்தில் இஷ்டத்துக்கு வாட் கணக்கு எழுதக் கூடாது, தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவரைத்தான் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டு வந்தது. காகிதத்தில் வாட் கூட்ட முடியாது என்றானதும், நிஜமாகவே கூட்ட வேண்டியதாயிற்று. பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனமான ஹீட் சிங்க், டப்பா டப்பாவாக ஃபில்டர் கண்டன்சர். 1976-ல் பயனியர் எஸ்எக்ஸ்-1250 ஒரு சேனலுக்கு 160 வாட். 1978-ல் எஸ்எக்ஸ்-1980 வந்தபோது அது 270 வாட். அதே 1978-ல் பிரிட்டனைச் சேர்ந்த என்ஏடி நிறுவனம் வெறும் 20 வாட் போட்ட 3020 என்ற சின்னப் பெட்டியை விற்று, இன்றுவரை ரசிகர்கள் கொண்டாடும் பெயரை வாங்கியது தனிக்கதை.

(இங்கே 1990-களில் டூ-இன்-ஒன் பெட்டிகளில் ஒட்டி விற்ற '1000 வாட் பிஎம்பிஓ' ஸ்டிக்கர் ஞாபகம் வருதா? அந்த பிஎம்பிஓ என்ற அளவுக்கு எந்தப் பொதுத் தரமும் கிடையாது. ஆளுக்கொரு கணக்கு. பழைய 20 வாட் ஆம்ப்ளிஃபயர் அந்தப் பெட்டியை ஓரங்கட்டுவதன் காரணம் இதுதான்.)

அந்தக் காலத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ரெசிஸ்டர், கண்டன்சர், டிரான்சிஸ்டர் எல்லாமே தனித்தனியாக, விரலால் பிடிக்கும் அளவில், பெரும்பாலும் போர்டிலேயே எண் அச்சடித்து இருக்கும். அந்தப் பாகங்களில் பெரும்பகுதி அந்த கம்பெனிக்காகச் செய்யப்பட்டவை அல்ல, யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கக்கூடிய பொதுப் பாகங்கள். சர்க்யூட் வரைபடத்தோடு சர்வீஸ் மேனுவலும் அச்சடித்தார்கள். எந்த இடத்தில் எத்தனை வோல்ட் இருக்கணும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கம்பெனி இருக்கோ இல்லையோ, அந்த மேனுவல்களில் பலவும் ஸ்கேன் செய்யப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

கம்பெனி இல்லாமல் போவது சாதாரணமாக நடக்கிற விஷயம் என்பதால் இது முக்கியம். ஜப்பானின் சான்சுய் எலக்ட்ரிக் 2014-ல் திவாலானது. பெயர் மட்டும் கைமாறி, இந்தியாவில் டிவியில் ஒட்டி விற்பனையாகிறது. அந்த டிவி சர்வீஸ் சென்டரில் போய் பழைய சான்சுய் ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்பேர் கேட்டால் பாவம், அவங்க என்ன செய்வாங்க? ஓன்கியோவின் வீட்டு ஆடியோ நிறுவனம் 2022-ல் திவால். டெனான், மராண்ட்ஸ் பிராண்டுகள் 2025-ல் சாம்சங்கின் துணை நிறுவனமான ஹார்மன் கைக்கு வந்தன. உரிமையாளர் இத்தனை தடவை மாறியும் பழைய பெட்டி ஓடுகிறதென்றால், அது உரிமையாளரை நம்பி இல்லை என்பதால்தான்.

தமிழ்நாட்டு வீடுகளில் இருப்பதோ கலவையான சரக்கு. இறக்குமதி கெடுபிடி இருந்த காலத்தில் ஜப்பான் செட்டுகள் பெரும்பாலும் சிங்கப்பூர், வளைகுடா போய் வந்தவர்கள் பெட்டியோடுதான் வந்தன. உள்நாட்டில் 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன், மும்பையின் காஸ்மிக் போன்ற பெயர்கள் இருந்தன. இவற்றைவிட அதிகம் புழங்கியது, பெயரே இல்லாத 'அசெம்பிள் செட்'. ரிச்சி ஸ்ட்ரீட்டில் போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்து, உள்ளூர் மெக்கானிக் மரப்பெட்டியில் பூட்டிக் கொடுத்தது. சொன்னால் ஆச்சரியமா இருக்கும், இந்த அசெம்பிள் செட்தான் சரி செய்ய ரொம்ப சுலபம். கட்டியதே ரிப்பேர்காரர் என்பதால் உள்ளே மர்மம் எதுவும் கிடையாது.

முதல் வேலை: ப்ளக்கைச் சொருகாம இருக்கிறது

பரணிலிருந்து இறக்கியதும் கை பரபரக்கும். 'ஓடுதான்னு ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே'. பழைய ஆம்ப்ளிஃபயர்கள் அதிகம் சாவது அந்த ஒரு தடவையில்தான்.

காரணம், எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். அலுமினியத் தகட்டின் மேல் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குள் மின்காப்பு. பல வருஷம் மின்சாரமே படாமல் கிடந்தால் அந்தப் படலம் பலவீனமாகும். ஒரேயடியாக முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவு மின்சாரம் பாய்ந்து, சூடாகி, சில சமயம் வெடித்தே போகும். மெதுவாக, குறைந்த வோல்டேஜில் ஆரம்பித்து ஏற்றினால் படலம் மறுபடி உருவாக வாய்ப்பு உண்டு.

பின்பக்கம் முதலில் பாருங்க. ஏற்றுமதிக்காகச் செய்த ஜப்பான் மாடல்கள் பலவற்றில் வோல்டேஜ் செலக்டர் இருக்கும்: 110, 120, 220, 240. அது 220 அல்லது 240-ல் இருக்கணும். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் 100 வோல்ட் மட்டும், அமெரிக்க மாடல் என்றால் 120. அதை நேராக நம்ம ஊர் 230 வோல்ட்டில் சொருகினால், அதிர்ஷ்டம் இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் கிட்டே போகக் கூடாது. அப்படியே ஃப்யூஸையும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது. முன்னால் கைவைத்த யாரோ ஒருவர் ஃப்யூஸ் போனதும் மேலே செம்புக் கம்பியைச் சுற்றி விட்டிருப்பது நம்ம ஊரில் சர்வ சாதாரணம். அந்தக் கம்பி இருக்கும்வரை அந்தப் பெட்டிக்குப் பாதுகாப்பே கிடையாது.

அடுத்து, சீரிஸ் போர்டு. எலெக்ட்ரீஷியன்களுக்கு இது பால பாடம். ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் லைனில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராகப் போடுவது. ஆம்ப்ளிஃபயர் நல்லா இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து, கண்டன்சர்கள் சார்ஜ் ஆனதும் மங்கிவிடும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருக்கும். 100 வாட் பல்பு வழியாக எவ்வளவு முயன்றாலும் 0.43 ஆம்பியருக்கு மேல் போகாது என்பதால், டிரான்சிஸ்டர்கள் எரியாமல் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடானால் தடை ஏறும் டங்ஸ்டன் இழைதான் இங்கே வேலை செய்கிறது. ஆனா இன்னைக்கு 100 வாட் குண்டு பல்பு கொடுங்கன்னு கடையில் கேட்டா, கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். கிடைக்கும்போது ரெண்டு வாங்கி வச்சுக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சோதனை முடியும்வரை ஸ்பீக்கரை இணைக்கக் கூடாது. ஏன்? ஒரு கணக்கு. நடுத்தர ஆம்ப்ளிஃபயருக்குள் பவர் சப்ளை பிளஸ் 40, மைனஸ் 40 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் அந்த 40 வோல்ட் டிசி நேராக 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போகும். 5 ஆம்பியர், 200 வாட். பாட்டு வராது, வாய்ஸ் காயில் சூடேறிப் புகைதான் வரும். அதனால் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் டிசி எவ்வளவு என்று முதலில் பார்ப்பார்கள். சில பத்து மில்லிவோல்ட் என்றால் பயமில்லை. 100-ஐத் தாண்டினால் உள்ளே ஏதோ சரியில்லை.

பாதுகாப்பு பற்றி ஒன்று. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் சார்ஜ் நிற்கும். ஸ்க்ரூ டிரைவரால் 'டப்'பென்று ஷார்ட் பண்ணி இறக்குவது பழைய பழக்கம், மோசமான பழக்கமும்கூட. பொருத்தமான ரெசிஸ்டர் ஒன்றை வைத்து இறக்கி, மீட்டரில் பூஜ்யம் காட்டியபின் கை வைப்பதுதான் முறை. வால்வ் ஆம்ப்ளிஃபயர் என்றால் பேச்சே வேறு. உள்ளே 300, 400 வோல்ட் டிசி சர்வ சாதாரணமாக ஓடும், உயிரை எடுக்கும். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யும் வேலை அல்ல அது.

சத்தமே வரலையா? பட்டனைப் பாருங்க

பழுது என்று மெக்கானிக்கிடம் வரும் பழைய செட்டுகளில் ஒரு பகுதி உண்மையில் பழுதே இல்லாதவை. முகப்பில் 'டேப் மானிட்டர்' என்று ஒரு பட்டன் இருக்கும். அது அமுங்கியிருந்தால், ஆம்ப்ளிஃபயர் கேசட் டெக்கிலிருந்து சத்தம் வரும் என்று காத்துக்கொண்டிருக்கும், அந்த டெக் வீட்டை விட்டுப் போய் 20 வருஷம் ஆகியிருந்தாலும். பின்பக்கம் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' முனைகளை இணைக்கும் சின்ன உலோக வளைவுகள் சில மாடல்களில் இருக்கும். வீடு மாறும்போது அது தொலைந்துபோனாலும் சத்தம் வராது.

வால்யூமைத் திருப்பினால் கரகர என்கிறதா? கன்ட்ரோலுக்குள் அழுக்கு. இதற்கென்றே இருக்கும் கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது, முப்பது தடவை முழுக்கத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். சைக்கிள் செயினுக்கு அடிக்கும் எண்ணெயை இதில் அடிக்கக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சத்தம் போய், வால்யூம் கூட்டினால் திரும்பி வருகிறதென்றால், ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கறுத்திருக்க வாய்ப்பு அதிகம். தொடர்ந்து 'உம்ம்ம்' என்ற இரைச்சல் என்றால் அதன் சுருதியே ஒரு துப்பு: நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் ஃபில்டர் கண்டன்சர் பக்கம் சந்தேகம், 50 ஹெர்ட்ஸாக இருந்தால் எர்த், கேபிள் பக்கம். அந்த இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டி விடும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

எல்லாக் கண்டன்சரையும் மாத்திடலாமா?

பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது இந்தக் கேள்வியில்தான். மூடியைத் திறந்ததும் எல்லாக் கண்டன்சரையும் பிடுங்கிப் புதுசு போட்டால்தான் நிம்மதி என்கிறது ஒரு கட்சி. அளந்து பார்த்து, கெட்டதை மட்டும் மாற்று என்கிறது இன்னொன்று.

முதல் கட்சிக்கும் ஆதாரம் உண்டு. ஒரு சாதாரண கண்டன்சரின் ஆயுள் '85 டிகிரியில் 2000 மணி நேரம்' என்று போட்டிருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமார் இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. பெட்டிக்குள் 45 டிகிரி என்றால் நான்கு தடவை இரட்டிப்பு, 32,000 மணி நேரம். தினமும் 3 மணி நேரம் பாட்டு கேட்டால் கிட்டத்தட்ட 29 வருஷம். 1978-ல் வாங்கி ஒழுங்காகக் கேட்ட செட் என்றால் 2007-லேயே கணக்கு முடிந்துவிட்டது. பவர் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கும் கண்டன்சருக்கு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஆனா கணக்கு வேற, கையில் இருக்கும் பெட்டி வேற. நல்ல தரமான பழைய ஃபில்டர் கண்டன்சர்கள் மீட்டரில் இன்னும் சரியாகவே காட்டுவதுண்டு. மொத்தமாக 40, 50 பாகம் மாற்றும்போது ஒன்றைத் தலைகீழாகப் போட்டாலும் போச்சு. பழைய போர்டில் அதிகச் சூடு காட்டினால் செம்புத் தடமே பெயர்ந்து வரும். எல்லாவற்றையும் மாற்றியபின் செட் ஓடவில்லை என்றால், பழைய பழுதா, புதிதாக வந்த பழுதா என்று கண்டுபிடிக்கவே தனி வேலை. சந்தேகமான இடங்களை, அதாவது சூட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை, தலை உப்பியவை, அடியில் கசிந்தவை, அளவு குறைந்தவை என்று மாற்றி, மற்றதை விட்டுவைப்பதே பெரும்பாலான வீட்டுச் செட்டுகளுக்குப் போதும். ஒவ்வொரு கட்டமாகச் செய்து, நடுநடுவே ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது.

பலரும் கவனிக்காத ஒன்று, பசை. அந்தக் கால ஜப்பான் செட்டுகளில் பெரிய பாகங்களை அசையாமல் பிடிக்க மஞ்சள் நிறப் பசை போட்டார்கள். வருஷக்கணக்கில் சூடு பட்டு அது பழுப்பாகி, பக்கத்தில் இருக்கும் பாகங்களின் கால்களை அரிக்கும், மின்சாரத்தையும் கடத்த ஆரம்பிக்கும். கண்டன்சர் மாற்றியும் தீராத விசித்திரப் பழுதுகளுக்குப் பின்னால் இந்தப் பசை இருப்பதுண்டு. சுரண்டி எடுக்கணும், வேறு வழி கிடையாது.

கடைசியில் பயாஸ் அட்ஜஸ்ட்மென்ட். பாட்டு ஓடாத நேரத்திலும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் கொஞ்சம் மின்சாரம் ஓடணும். குறைந்தால் மெல்லிய சத்தத்தில் குரல் பிசிறும், கூடினால் ஹீட் சிங்க் கொதிக்கும். செட் நன்றாகச் சூடான பிறகு, சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு வைக்கணும். மேனுவல் இல்லாமல் குத்துமதிப்பாகத் திருகுவது சூதாட்டம்.

ஃபெயில் ஆகும் அந்த ஒரு பாடம்

கண்டன்சர் இன்றும் புதிதாக உற்பத்தியாகிறது, நல்லது வேண்டுமென்றால் கிடைக்கும். ரெசிஸ்டர் பிரச்சினையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால்கூட இங்கே வழி உண்டு. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் காயில் கட்டித் தரும் ரீவைண்டிங் கடைகள் சின்ன ஊர்களிலும் இருப்பதால், வெளிநாட்டில் தூக்கிப்போடும் செட்டை நம்ம ஊரில் பிழைக்க வைக்க முடியும். பெரிய சிக்கல் அவுட்புட் டிரான்சிஸ்டரும் ஐசியும்.

ஜப்பான் டிரான்சிஸ்டர்களின் பெயரே ஒரு முகவரி மாதிரி. 2எஸ்ஏ, 2எஸ்பி என்றால் பிஎன்பி வகை, 2எஸ்சி, 2எஸ்டி என்றால் என்பிஎன் வகை. இவற்றில் 1970-களின் எண்கள் பலவும் உற்பத்தி நின்று எத்தனையோ வருஷமாகிறது. நின்றுபோன எண்ணைக் கேட்டால் கடையில் கிடைக்காது என்றுதானே நினைப்போம்? கிடைக்கும், அதுதான் பிரச்சினை. வேறு ஏதோ மலிவான டிரான்சிஸ்டரின் எழுத்தைச் சுரண்டிவிட்டு, பிரபலமான எண்ணை மேலே அச்சடித்து விற்கும் போலிச் சரக்கு உலகம் முழுக்கப் புழங்குகிறது.

இன்றும் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி இதற்கு நல்ல உதாரணம். தோஷிபா பெயர் போட்டு வரும் போலியில், உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு ஒரிஜினலைவிடச் சின்னதாக இருக்கும். குறைந்த சத்தத்தில் ஒழுங்காகப் பாடும். ஒரு நாள் விருந்தாளி வந்து வால்யூமைக் கூட்டினால், டிரான்சிஸ்டர் போய், அது போகும்போது ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகும். திட்டு வாங்குவது மெக்கானிக். அவருக்கும் அது போலி என்று தெரிந்திருக்காது.

சான்யோவின் எஸ்டிகே வகை ஐசிக்கள் இன்னும் மோசம். மொத்த பவர் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே கட்டிக்குள் அடக்கியது அது. எஸ்டிகே4141 போன்றவை நம்ம ஊர் அசெம்பிள் செட்டுகளிலும் ஏராளமாக ஏறின. சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-ல் அமெரிக்காவின் ஆன் செமிகண்டக்டருக்குப் போனது. அந்த வகை ஆடியோ ஐசிக்களில் பெரும்பாலானவை இப்போது உற்பத்தியில் இல்லை. தனித்தனி டிரான்சிஸ்டர் என்றால் அதற்கு இணையான வேறு எண்ணைத் தேடிப் போடலாம், உலோக மூடி போட்ட பெரிய டிரான்சிஸ்டர்கள் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. இந்தக் கட்டி போனால் அதே கட்டிதான் வேணும்.

தப்பிக்க வழி? அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குவது, இப்போதும் உற்பத்தியில் இருக்கும் இணையான எண்ணைத் தேர்ந்தெடுப்பது, ஜோடியை இரண்டு சேனலுக்கும் சேர்த்தே மாற்றுவது. சொல்வது சுலபம். ஒரு தெருமுனைக் கடைக்காரர் நாலு டிரான்சிஸ்டருக்காக ஆன்லைனில் ஆர்டர் போட்டால், பாகத்தைவிட டெலிவரி கட்டணம் அதிகம் வரும். அதை வாடிக்கையாளரிடம் கேட்டால், 'ரிச்சி ஸ்ட்ரீட்ல இதைவிட பாதி விலைண்ணே' என்று பதில் வரும். போலி இப்படித்தான் ஜெயிக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது?

பழுதுபார்க்கும் உரிமை இந்தியாவில் காரிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். உதிரி பாகங்களையும் ரிப்பேர் தகவலையும் வெளியே விடாமல் வைத்திருந்ததற்காக 2014-ல் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது இந்தியப் போட்டி ஆணையம். 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை ஒரு குழுவை அமைத்து விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கான இணைய தளமும் வந்தது. நிறுவனங்கள் தங்கள் சர்வீஸ் விவரங்களை அதில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் பழுதுபார்ப்புக்கென்றே ஒரு சட்ட ஆணை கொண்டுவந்து, 2026 ஜூலை 31-க்குள் உறுப்பு நாடுகள் அமல்படுத்தணும் என்று கெடு வைத்தது. வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், போன் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. ஆம்ப்ளிஃபயர் அங்கேயும் இல்லை.

இருந்தாலும் என்ன லாபம் என்று கேட்கலாம். 1978 செட்டுக்கு எந்தச் சட்டமும் இனி ஸ்பேர் செய்து தரப்போவதில்லை, உண்மைதான். இந்தப் பட்டியல்கள் முக்கியமாவது இன்று விற்கும் ஆடியோ கருவிகளுக்கு. இன்றைய நெட்வொர்க் ஆம்ப்ளிஃபயரில் பாகங்கள் அரிசிமணியைவிடச் சின்னவை, சர்க்யூட் வரைபடம் வாங்குபவர் கைக்கு வருவது அபூர்வம், பாட்டு ஓட ஒரு ஆப் வேணும், அந்த ஆப்புக்கு கம்பெனி சர்வர் வேணும். ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் ஆம்ப்ளிஃபயர் பகுதி நன்றாக இருக்கும்போதே எச்டிஎம்ஐ போர்டு போய், மொத்தப் பெட்டியும் ஓரமாகிவிடும். அமெரிக்காவின் சோனோஸ் நிறுவனம் பழைய ஸ்பீக்கர்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்யும் 'ரீசைக்கிள் மோட்' கொண்டுவந்து, 2019 கடைசியில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு 2020-ல் அதைக் கைவிட்டது. அதே வருஷம் மே மாதம் தன் பழைய கருவிகளுக்கு அப்டேட்டை நிறுத்தியது. கம்பெனி நினைத்தால், நன்றாக ஓடும் கருவியைக்கூட 'பழசு' ஆக்க முடியும்.

ஆக, மீட்கக்கூடிய கடைசித் தலைமுறை ஆம்ப்ளிஃபயர்கள் பரணில் கிடக்கின்றன, அவற்றை மீட்கத் தெரிந்த மெக்கானிக் தலைமுறைக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. போலிப் பாகங்கள் மீது எடுக்கும் ஒரு உருப்படியான நடவடிக்கை, இந்தக் கடைகளுக்குக் குறியீட்டு மதிப்பெண்ணைவிட உடனடியாக உதவும். 2025 அறிக்கை உதிரி பாகம் கிடைப்பதைப் பற்றிப் பேசுகிறது. கிடைக்கிற பாகம் நிஜமானதா என்பதற்கு ஆம்ப்ளிஃபயரானாலும் போன் பேட்டரியானாலும் ஒரே தெரு, ஒரே கவலைதான்.

எப்போ விட்டுடலாம்?

எல்லாப் பெட்டியும் மீட்கத் தகுந்தது இல்லை. தண்ணீர் புகுந்து போர்டில் பச்சை பூத்தது, எலி ஒயரைக் கடித்து உள்ளேயே குடும்பம் நடத்தியது, முன்னால் ஒருவர் தடங்களை வெட்டி வேறு சர்க்யூட் பூட்டியது, கிடைக்காத எஸ்டிகே போனது, இதெல்லாம் வந்தால் யோசிக்கணும். அதே எஸ்டிகே செட்டில் டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், பெட்டி மூன்றும் நன்றாக இருந்தால், இப்போது கிடைக்கும் ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றை உள்ளே வைத்து ஓட்டலாம். பழைய பெருமை போகும், பாட்டு வரும். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளலாம்: சீரிஸ் போர்டு போட்டுத்தான் சோதிப்பீங்களா, கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தருவீங்களா, டிரான்சிஸ்டர் எங்கே வாங்குறீங்க. முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் தைரியமாக விட்டுவிட்டு வரலாம்.

ஒன்றுமே தேறாத செட்டை ஆக்ரிக்காரரிடம் எடைக்குப் போடாமல் இருப்பது நல்லது. பழைய போர்டுகளின் சால்டரில் ஈயம் உண்டு, திறந்தவெளியில் ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தில் அது காற்றிலும் மண்ணிலும் கலக்கும். முதலில் அதே மாடல் வைத்திருக்கும் யாருக்காவது உதிரிக்குத் தேவைப்படுமா என்று விசாரித்துவிட்டு, மிச்சத்தைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். நாப், ரிலே, முகப்புத் தகடு, ஒரிஜினல் டிரான்சிஸ்டர் எதுவும் இனி புதிதாக வரப்போவதில்லை. செத்துப்போன ஒரு செட்டிலிருந்து கழற்றிய நாலு டிரான்சிஸ்டர், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பளபளவென்று புதுசாகக் கிடைக்கும் நாற்பதைவிட நம்பகமானவை.